பார்த்தவர் கையெழுத்து

மேடம் எழுதியதை அழிக்கமாட்டார். ரப்பர் கிடையாது, வெள்ளை மை கிடையாது, கிறுக்கி மறைப்பது கிடையவே கிடையாது. தப்பாக எழுதிவிட்டால் ஸ்கேல் வைத்து அதன் மேல் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இருக்கிற எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதுவார். 'காரணம்' என்று எழுதி, ஏன் மாற்றினார் என்று ஒரு வரி. பிறகு தன் கையெழுத்து, தேதி. அதற்கும் கீழே 'பார்த்தவர்' என்று எழுதி ஒரு சின்னக் கோடு போட்டு வைப்பார். அந்தக் கோட்டில் கையெழுத்துப் போடத்தான் என்னைக் கூப்பிடுவார்.

நான் அந்தக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டெண்ட். அப்போது காண்ட்ராக்ட். கல்லூரி மரக்காணம் பக்கத்தில், ஈ.சி.ஆர். ரோட்டை ஒட்டி இருந்தது. தினமும் கோட்டக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். மேடம் அங்கே காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் பி.எச்.டி.க்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். என்னை 'அண்ணா' என்பார். அந்தக் கட்டடத்தில் மற்ற எல்லோருக்கும் நான் 'பாய்'.

முதல் தடவை அவர் நோட்டை நீட்டியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கையில் ஈரம், கழுவ வேண்டிய பீக்கர் இருபது கிடந்தது.

"எதுக்கு மேடம் கையெழுத்து?"

"7.4ன்னு எழுதறதுக்கு 4.7ன்னு எழுதிட்டேண்ணா. மாத்தினேன். நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அதை யாரு வந்து கேக்கப்போறாங்க?"

"ஒரு நாள் யாராவது கேப்பாங்க."

"எங்க நிக்காஹ்வுக்கே நான் இத்தனை கையெழுத்துப் போடல மேடம்" என்று சொல்லிக்கொண்டே போட்டேன். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று நான்கு தடவையாவது போட்டிருப்பேன். யோசித்துப் பார்த்தால் அந்த லேபில் நான் செய்ததிலேயே மரியாதையான வேலை அதுதான். மற்றதெல்லாம் கழுவுவது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவில் ஆராய்ச்சிக் கணக்கெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். ஓரத்தில் இடம் விட்டிருப்பார். அதில் தமிழில், அன்று லேபில் என்னென்ன நடந்ததோ எல்லாம் எழுதுவார். 'காத்து கிழக்கே இருந்து. ஜன்னல் ரெண்டும் மூடினேன்.' '11.10க்கு கரண்ட் போச்சு. 11.32க்கு வந்தது. மறுபடி முதலிலிருந்து.' ரம்ஜான் மாதத்தில் ஒருநாள் கோட்டக்குப்பத்துப் பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிவைத்து, மறுநாள் காலையில் சூடு பண்ணி அவருக்குக் கொண்டுபோனேன். அதுவும் நோட்டில் ஏறிவிட்டது. 'அண்ணன் நோன்புக் கஞ்சி கொடுத்தார். குடித்தேன். கையை நாலு தடவை கழுவிய பிறகுதான் எலக்ட்ரோடைத் தொட்டேன்.'

"கஞ்சியெல்லாமா மேடம் எழுதுவாங்க?"

"அதுல நெய் இருந்துச்சுண்ணா. நாளைக்கு ரீடிங் கோணலா வந்துச்சுன்னா எதனாலன்னு தேடணும்ல. அன்னிக்கு என்னென்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் தேட முடியும்."

லேபுக்கு வருகிற நாளில் அவர் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, பூ வைப்பதில்லை. ஒருநாள் பக்கத்து வகுப்பிலிருந்து மல்லிகை வாசனை வந்ததற்கு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நான் கேலி செய்தேன். "வாசனைன்னா என்னண்ணா? பூவுலேருந்து மூலக்கூறு கெளம்பிக் காத்துல வருது. உங்க மூக்குல ஒட்டுறது என் பிளாட்டினத்துல ஒட்டாதா?" என்றார்.

பிளாட்டினம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பென்சில் கனத்துக்கு ஒரு குச்சி. அதன் நுனியில் நெற்றிப் பொட்டு அளவுக்குப் பிளாட்டினம். அதுதான் அவருடைய எலக்ட்ரோடு. வெல்வெட் துணியில் வெள்ளைப் பவுடரைத் தூவி, அந்த நுனியை எட்டுப் போடுகிற மாதிரி வளைத்து வளைத்துத் தேய்ப்பார். கண்ணாடிபோல ஆகும்வரை தேய்ப்பார். பிறகு அதைச் சின்னக் கண்ணாடிப் பாத்திரத்தில் இருக்கிற கரைசலில் இறக்கிக் கரண்ட் விடுவார். அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் செல். அதைக் கழுவுவது நான். லேப்டாப் திரையில் ஒரு வளைகோடு மெல்ல வரும். அதைப் பார்த்துக்கொண்டே அவர் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிடுவார்.

ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். "மேடம், கோச்சுக்காதீங்க. ஒரு பொட்டு பிளாட்டினத்தை வெச்சிக்கிட்டு அஞ்சு வருஷமா என்னதான் பாக்கறீங்க?"

"காலி பஸ்ல நீங்க எப்படி உட்காருவீங்க?"

"காலை நீட்டிக்கிட்டு, ரெண்டு பேர் சீட்டையும் புடிச்சிக்கிட்டு."

"கும்பல் ஏறினா?"

"ஒடுங்கி நிமிந்து உட்காருவேன்."

"அவ்ளோதாண்ணா. நான் எடுத்திருக்கற மூலக்கூறும் அப்படித்தான். கரைசல்ல புளிப்பு அதிகமா இருந்தா பிளாட்டினத்து மேல ஒரு மாதிரி உட்காருது, புளிப்பு கொறைஞ்சா வேற மாதிரி உட்காருது. ஒவ்வொரு புளிப்புக்கும் அது எப்படி உட்காந்திருக்குதுன்னு கரண்ட்டை வுட்டுக் கண்டுபுடிக்கறேன்."

அன்று சாயங்காலம் பஸ்ஸில், பெரிய முதலியார்சாவடியில் கும்பல் ஏறியதும் நான் ஒடுங்கி நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு படித்த பெண் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவருடைய வீடு உப்பளத்துக்குப் பக்கத்திலேயே. அப்பா இல்லை. அம்மா பாத்தியில் உப்பு வாருகிற வேலை. லேப் ஜன்னலைத் திறந்தால் பாத்திகளும், தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியலும் தெரியும். வெயில் நாளில் அந்தப் பக்கம் பார்த்தால் கண் கூசும். உப்புக் காற்று லேபுக்குள் எல்லாவற்றையும் தின்றது. மெஷினின் கிளிப்புகளில் பச்சை பூத்துவிடும், நான் உப்புத்தாள் வைத்துச் சுரண்டித் தருவேன். "எங்கம்மா அங்க உப்பு எடுக்குது, நான் இங்க உப்பு வந்துடக் கூடாதுன்னு டேப்பு ஒட்டறேன்" என்பார் மேடம். ஜன்னல் இடுக்கெல்லாம் அவர் ஒட்டிய டேப் இன்னும் இருக்கிறது.

லைசன்ஸ் கதையைச் சொன்னால்தான் அவரைப் புரியும். யூனிவர்சிட்டிக்குப் போய்வர பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போய் ஸ்கூட்டி வாங்கினார். என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துக்குப் போனார். எட்டுப் போட வேண்டும். "நாள் பூரா எட்டுதான் போடறீங்க, இது என்ன பெரிய விஷயம்" என்று ஏற்றிவிட்டேன். நன்றாகத்தான் போட்டார். இரண்டாவது வளைவில் லேசாக இடது கால் தரையில் பட்டது. இன்ஸ்பெக்டர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. "ஓகேம்மா, போலாம்" என்றார். இந்த மேடம் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, "சார், கால் ஊனிட்டேன்" என்றார். இன்ஸ்பெக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அப்ப அடுத்த மாசம் வா" என்றுவிட்டார்.

திரும்பி வரும்போது நான் கத்தினேன். "உங்களுக்கு என்ன பைத்தியமா மேடம்? அந்தாளு பாக்கவே இல்லையே."

"நீங்க பாத்தீங்களேண்ணா" என்றார்.

அந்த வார்த்தை அப்போது எனக்கு உறைக்கவில்லை. பின்னால் உறைத்த வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

இனி என் கதைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டு வந்தது இதைத்தான்.

செல்லைக் கழுவுவதற்கு ஒரு முறை உண்டு. சோப்பு ஆகாது. ஆரஞ்சு நிறத்தில் குரோமிக் ஆசிட் இருக்கும். அதில் ஊறவைத்து எடுத்து, சுத்தத் தண்ணீரில் பலமுறை அலசி, பிறகு அந்தத் தண்ணீரிலேயே கொதிக்கவைத்துக் கவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு நாள் பக்கத்தின் அடியிலும் மேடம் 'செல் கழுவியது: அண்ணன்' என்று எழுதுவார். ஒரு தடவை ஆசிட் தீர்ந்துபோனது. ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன், வரும் வரும் என்றார்கள். என் விரல் இடுக்கெல்லாம் அதற்கு முந்தின ஆசிட் பட்டுப் புண்ணாகிக் கிடந்தது. இரண்டு நாள்தானே என்று பாத்திரம் கழுவுகிற லிக்விடை ஊற்றிக் கழுவினேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது. கைப்புண்ணும் ஆறியது. இரண்டு நாள் என்றது பத்தொன்பது நாள் ஆனது. மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார், சார் என்னைத் திட்டுவார் என்று இருந்துவிட்டேன். சோம்பேறித்தனம் பாதி, பயம் பாதி.

சார் என்றது மேடத்தின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு. நல்ல மனிதர்தான். கோபம் வந்தால் மட்டும் எதிரில் நிற்க முடியாது.

அந்தப் பத்தொன்பது நாளில்தான் மேடத்துக்கு அது கிடைத்தது. புளிப்பு அதிகமான கரைசல்களில் மட்டும் வளைகோட்டில் புதிதாக ஒரு சின்ன மேடு. மாட்டுத் திமில் மாதிரி இருக்கிறது என்று அதற்குத் திமில் என்றே பெயர் வைத்துவிட்டார். "அண்ணா, திமிலு வந்துருக்குது, வந்து பாருங்க." அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் புதுக் கரைசல் வைத்துப் பார்த்தார், வந்தது. மூன்றாவது தடவையும் வந்தது. அந்த மூலக்கூறு இப்படி உட்காரும் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை என்றார் சார். கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள், எடுத்துக்கொண்டார்கள். தீசிஸில் அதுதான் முக்கியமான அத்தியாயம். மேடம் அம்மாவிடம் சொல்லி எனக்கு அதிரசம் சுட்டுக் கொண்டுவந்தார்.

நடுவில் ஆசிட் வந்தது. நானும் பழையபடி ஆசிட்டில் கழுவ ஆரம்பித்தேன். சில மாதம் கழித்து, தீசிஸ் கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மேடம் அந்தக் கரைசலை வைத்தார். திமில் வரவில்லை.

பத்துத் தடவை வைத்தார், வரவில்லை. சார், "மூணு வாட்டி வந்துச்சுல்ல, வுடும்மா. தீசிஸைக் குடு" என்றார். மேடம் விடவில்லை. வேறு புட்டியிலிருந்து மருந்து எடுத்தார். தண்ணீரை மாற்றினார். உப்புக் காற்றாக இருக்குமோ என்று கரைசலில் வேண்டுமென்றே ஒரு துளி உப்பைப் போட்டுப் பார்த்தார். "எங்க ஊரு உப்பு மேல பழியைப் போட்டேண்ணா, அது இல்ல" என்றார். ஆள் பாதியாக இளைத்துப்போனார்.

பிறகு ஒருநாள் நோட்டை எடுத்துக்கொண்டு நான் கழுவுகிற இடத்துக்கே வந்தார்.

"அண்ணா, அந்த மாசம் செல்லை எதுல கழுவினீங்கன்னு ஞாபகம் இருக்குதா?"

"வழக்கம்போலத்தான் மேடம்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். விரல் இடுக்கில் மறுபடி புண்ணாகியிருந்தது. "சரிண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் தொட்டி ஓரத்தில் இருந்த சோப்பு லிக்விட் புட்டி அவருடைய மேஜை மேல் இருந்தது. அன்று மத்தியானம் திரையில் திமில் வந்திருந்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை.

அதற்கு அடுத்த நாள் சார் அறைக்குப் போனார். நான் கழுவிய பீக்கர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு வராந்தாவில் போய்க்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மேடத்தின் குரல் கேட்டது. நின்றுவிட்டேன்.

"புளிப்புல என் மூலக்கூறுக்கு பாசிட்டிவ் சார்ஜ் வந்துடுது சார். சோப்புக்கு நெகட்டிவ். சோப்புதான் அதை இழுத்துக்கிட்டுப் போய் பிளாட்டினத்துல உட்கார வெச்சிருக்குது. அந்த அத்தியாயம் பூரா தப்பு. பேப்பரைத் திரும்ப வாங்கிடலாம் சார்."

பிறகு சார், "செல் கழுவுறது பாய்தான? கூப்புடு அந்தாளை" என்றார்.

"இல்ல சார். அந்த மூணு வாரம் நான்தான் கழுவினேன். ஆசிட் இல்லன்னு அவசரத்துல சோப்பு போட்டுட்டேன்."

"நீயா?"

"ஆமா சார்."

மேடம் சொன்னால் சாருக்கு அது உண்மைதான், நோட்டைக்கூட அவர் கேட்கவில்லை. "அந்தாளு பண்ணியிருந்தா வேலைய வுட்டு அனுப்பிட்டு, உனக்கு யூனிவர்சிட்டில ஒரு வருஷம் டைம் கேட்டு வாங்கியிருப்பேன். நீயே உன் கையால பண்ணிட்டு வந்து நிக்கற. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போய்க் கேக்கறது?" என்று கத்தினார். மேடத்துக்குப் பி.எச்.டி. பதிவு முடிய நாற்பது நாள்தான் மிச்சம் இருந்தது. அது எனக்கும் தெரியும்.

நான் நின்ற இடத்திலிருந்து அந்தக் கதவு இரண்டு அடி. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், நான்தான் சார் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அந்த மாதம்தான் என் காண்ட்ராக்டைப் புதுப்பிப்பார்கள். என் மகள் ப்ளஸ் டூ. இதையெல்லாம் நினைத்தேன் என்று சொன்னால் அதுகூடப் பாதிப் பொய். நான் ஒன்றையும் நினைக்கவில்லை. கால் நகரவில்லை, அவ்வளவுதான்.

மேடம் வெளியே வந்தார். நான் நிற்பதைப் பார்த்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"அதை வெச்சிட்டு வாங்கண்ணா. டீ சாப்பிடலாம்" என்றார்.

கேன்டீனில் உட்கார்ந்தோம். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. "பாப்பா எப்படிப் படிக்குது?" என்று கேட்டார். "நல்லாப் படிக்குது மேடம்" என்றேன். அந்த விஷயத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அல்லாஹ் எனக்கு வாய் கொடுத்தது மகளைப் பற்றிச் சொல்ல மட்டும்தான் போலிருக்கிறது.

பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். டைம் கிடைக்கவில்லை. பட்டமும் இல்லை. மேடம் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தார். கடைசி நாள் நோட்டுகளை வரிசையாக லேப் பீரோவில் அடுக்கினார். லேபில் எழுதிய நோட்டு லேபுக்குத்தான் சொந்தம், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. சாவியை என்னிடம் கொடுக்கும்போது, "அண்ணா, ஏழாம் நம்பர் நோட்டுல பார்த்தவர் கையெழுத்து கொஞ்சம் பாக்கி நிக்குது. இன்னிக்கே வேணுன்னு இல்ல. நேரம் கெடைக்கறப்ப பாருங்க" என்றார்.

"ஆவட்டும் மேடம்" என்றேன்.

ஏதோ வழக்கமான பாக்கி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷம் என் வேலை பர்மனெண்ட் ஆனது. சார் ரிட்டயர் ஆகிப் போனார். மகள் நர்ஸிங் முடித்துச் சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். என்னை வெளியே அனுப்ப ஆளும் இல்லை, நான் பயப்படக் காரணமும் இல்லை. அந்த பீரோ என் தொட்டிக்கு எதிரிலேயே இருந்தது. ஐந்து வருஷம் தினமும் அதைத் தாண்டிப் போய்த்தான் கை துடைத்தேன். ஏழாம் நம்பர் நோட்டைத் தொடவில்லை. மேடத்தின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு பெருநாளைக்கும் 'ஈத் முபாரக் அண்ணா' என்று அவர்தான் அனுப்புவார். நான் கைகூப்புகிற படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவேன்.

போன மாதம் வாட்ச்மேன் வந்து, "பாய், உன்னைப் பாக்க ஒரு அம்மா வந்து நிக்குது" என்றான். கேட்டுக்குப் போனேன். வெடித்த பாதம், கையில் மஞ்சப்பை. முகத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. அதே நெற்றி.

"எம்பொண்ணு போயிடுச்சு பாய்" என்றார்.

கிட்னி என்றார். ஏழு மாதம் புதுச்சேரிக்கும் வீட்டுக்குமாக அலைந்திருக்கிறார்கள். இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அந்த வருஷப் பெருநாளைக்கு மெசேஜ் வராததை நான் கவனிக்கக்கூட இல்லை.

"இங்க ஏதோ பீரோல அது எழுதின நோட்டுங்க இருக்குதாமே. தருவாங்களா? வீட்ல வேற ஒண்ணும் இல்ல, அதோட எழுத்து. ஸ்கூலு நோட்டெல்லாம் பசங்களுக்கே குடுத்துடுச்சு." பிறகு அவராகவே சொன்னார். "கடைசில ஏதோ தப்பு பண்ணிடுச்சாம், அதான் பட்டம் கெடைக்கலன்னு சொல்லுச்சு. எனக்கு அதான் பாய் வெளங்கல. எம்பொண்ணு கை தவறி ஒரு டம்ளரைப் போட்டு ஒடச்சதில்ல."

நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஆபீஸில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினேன். பிறகு பீரோவைத் திறந்து, முதலில் ஏழாம் நம்பர் நோட்டைத்தான் எடுத்தேன்.

அந்தப் பத்தொன்பது நாளின் பக்கங்களும் இருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'செல் கழுவியது: அண்ணன்' என்று எழுதியிருந்தது. 'அண்ணன்' மேல் ஸ்கேல் வைத்து ஒரே கோடு. பக்கத்தில் 'நான்'. வாய் ஒன்று சொல்லி நோட்டு ஒன்று சொல்ல அவருக்கு மனம் வராமல் மாற்றியிருக்கிறார். ஆனால் அதற்குக் கீழே, 'காரணம்' என்று எழுதிவிட்டு எதுவும் எழுதவில்லை. தன் கையெழுத்தைப் போடவில்லை. 'பார்த்தவர்' என்று எழுதிக் கோடு மட்டும் போட்டு வைத்திருந்தார். பத்தொன்பது பக்கத்திலும் அப்படியே. ஏழு நோட்டில் அவர் கையெழுத்துப் போடாமல் மாற்றியது இது ஒன்றுதான். பொய் எழுதும்போதுகூட என் பேரைப் படிக்க முடிகிற மாதிரிதான் அடித்திருந்தார்.

தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பது வயது ஆள், லேபில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதேன். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில், 'சோப்பு போட்டுக் கழுவியது நான். மேடம் இல்லை. கேட்டபோது பொய் சொன்னேன்' என்று எழுதினேன். பார்த்தவர் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். கையெழுத்துப் போடுகிற நாளின் தேதியைத்தான் போட வேண்டும், முன்தேதி போடக் கூடாது என்பது மேடத்தின் சட்டம். பத்தொன்பது தடவையும் அன்றைய தேதியைத்தான் போட்டேன்.

மறுநாள் நோட்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சின்ன ஆஸ்பெஸ்டாஸ் வீடு. சுவரில் மேடத்தின் போட்டோ, பக்கத்தில் அந்த ஸ்கூட்டியின் சாவி ஆணியில் தொங்கியது. அந்த அம்மா நாலாவது வரைக்கும் படித்தவராம். எழுத்துக் கூட்டிப் படிப்பார். எல்லா நோட்டையும் ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். கஞ்சி குடித்ததைப் படித்துவிட்டு லேசாகச் சிரித்தார். ஏழாம் நோட்டில் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதும்மா."

அடுத்த பக்கம் திருப்பினார். அதற்கடுத்ததும் திருப்பினார். விரலை வைத்துத் தேதியைப் படித்தார்.

"எல்லாத்துலயும் நேத்துத் தேதி போட்டிருக்குதே."

"நேத்துத்தாம்மா போட்டேன்" என்றேன். ஆசிட், சோப்பு, சார் அறைக்கதவு, இரண்டு அடி, டீ என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். "உங்க பொண்ணு தப்பே பண்ணல. நான் பண்ணினதைத் தன் தலையில போட்டுக்கிச்சு" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அவர் திட்டவில்லை. நோட்டை மூடி மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில இருந்தப்ப தெனமும் கேக்கும் பாய். யாராவது போன் பண்ணாங்களாம்மான்னு. யாரும்மா பண்ணப் போறாங்க, சொந்தக்காரங்கதான் எல்லாரும் வந்துட்டுப் போய்ட்டாங்களேம்பேன்" என்றார். "இல்லம்மா, காலேஜ்லேருந்து அண்ணன் பண்ணுவாருன்னு சொல்லும்."